கல்லுப்பு கொட்டினால் நீச்சல் குளத்துப் பாசி சாகாது

"வீட்டு நீச்சல் குளம் பச்சையாகிவிட்டதா? ஒரு மூட்டை கல்லுப்பைக் கொட்டுங்கள், விடிவதற்குள் தெளிந்துவிடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி நம் பக்கம் சுற்றுகிறது. தவறு. நம்பிச் செய்யாதீர்கள்.

உப்பே பாசியைக் கொல்லுமென்றால் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளைப் பறிப்பது எப்படி? லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள தண்ணீரில்தான் அவை செழிக்கின்றன.

'உப்பு நீச்சல் குளம்' என்ற பெயரால் வந்த குழப்பம் இது. அங்கே லிட்டருக்கு 3, 4 கிராம் உப்புதான். ஒரு மின்கருவி அதிலிருந்து குளோரின் பிரிக்கிறது. வேலை செய்வது குளோரின்.

கீழக்கரையில் தங்கச்சி வீட்டில் உப்பு கொட்டிய மறுநாளும் படியை விரலால் தடவினால் வழவழவென்று பச்சை ஒட்டியது. பிறகு சுவரையெல்லாம் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தோம். தேய்க்காவிட்டால் குளோரின் பாசிக்குள் இறங்காது. தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 7.2க்கும் 7.6க்கும் இடையே இருக்கட்டும். 8ஐத் தாண்டினால் குளோரினுக்கு வீரியம் குறையும். 10,000 லிட்டருக்குச் சுமார் 300 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் பொழுது சாய்ந்ததும் ஊற்றுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும். ஃபில்டர் இரவெல்லாம் ஓடட்டும்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு உயிரையே பறிக்கும். குளோரின் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை பிள்ளைகளை இறக்காதீர்கள்.

கொட்டிய உப்புத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடவும் வேண்டாம். நம் மண்ணில் ஏற்கெனவே உப்பு போதும்.