"புத்தகத்துல இப்படி இல்லையேடா"

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படம் பார்த்தால் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. ஒருவன் புத்தகத்தை எப்போதோ படித்து முடித்திருப்பான். இன்னொருவனுக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் தெரியவரும். நான் பாதி படித்துவிட்டு முழுக்கப் படித்தவன் மாதிரி பேசுகிறவன்.

போன வாரம் கில்லெர்மோ டெல் டோரோவின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (2025) பார்த்தோம். முடிந்த கையோடு முதலாமவன் ஆரம்பித்தான்: "புத்தகத்துல இப்படி இல்லையேடா." இரண்டாமவன் இதற்காகவே காத்திருந்தவன் போல, "அப்ப புத்தகத்தையே இன்னொரு தடவை படிச்சிருக்கலாமே, எதுக்கு ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்த?" என்றான். நடுராத்திரி வரை ஓடியது சண்டை.

எந்தக் காட்சியை வெட்டினார்கள், யாரைத் தூக்கினார்கள் என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் போய் வெகுநாளாகிறது. ஐந்து பாகம் உள்ள 'பொன்னியின் செல்வ'னை இரண்டு படத்துக்குள் அடைக்க வேண்டுமென்றால் மணிமேகலை போகத்தான் செய்வாள். நான் பார்ப்பது வேறு. புத்தகத்தில் கதையைச் சொல்வது யார், படத்தில் யார் கூட நாம் நடக்கிறோம்? அந்த ஆள் மாறினால் கதையே மாறிவிடுகிறது, மற்றதெல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தாலும்.

ஃபிராங்கன்ஸ்டைனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1818இல் வந்த மேரி ஷெல்லியின் நாவலில் கதைக்குள் கதை. கப்பல்காரன் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறான், அதற்குள் விஞ்ஞானி விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பேசுகிறான், அவன் பேச்சுக்குள் அவன் படைத்த உயிர் தன் கதையைச் சொல்கிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்தைப் படித்துவிட்டு, தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கும் அளவுக்குப் பேச்சுத் திறமை அதற்கு. 1931 படத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்தபோது என்ன செய்தார்கள்? வாயைப் பிடுங்கிவிட்டார்கள். உறுமல் மட்டும்தான். பேச்சு போனதும் வாதியாக இருந்தது வெறும் பூதமாகிவிட்டது. ஊர் உலகத்துக்கு இன்றும் தெரிந்தது அந்தப் பூதம்தான். டெல் டோரோ படத்தை விக்டரின் கதை, அந்த உயிரின் கதை என்று பிரித்து இரண்டு பேருக்கும் முறை கொடுத்திருக்கிறார். இதற்காகவே எனக்குப் படம் பிடித்தது.

(பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கடைசியில் சறுக்கிவிட்டார் என்பது என் கட்சி. புத்தகத்தில் விக்டர் செத்த பிறகுதான் அது கப்பலுக்கு வருகிறது. பதில் சொல்ல முடியாத பிணத்திடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறது. படத்தில் விக்டர் உயிரோடு இருக்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், கிடைத்தும் விடுகிறது. பக்கத்தில் இரண்டாமவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருநூறு வருஷமாகத் தீராத ஒரு வழக்கைப் பேசி முடித்து அனுப்பியது போல.

சரி, ஆள் மாறியதால் படம் உருப்பட்ட கதையும் இருக்கிறது. டேவிட் கிரானின் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' 2017இல் வந்த புத்தகம். எண்ணெய்ப் பணத்துக்காக அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடி மக்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்ட நிஜக் கதை. குற்றவாளி யார் என்பதை கிரான் வெகுநேரம் மறைத்து வைத்திருப்பார், துப்பறிய வரும் டாம் ஒயிட்டோடு நாமும் தேடுவோம். முதலில் படத்தையும் அப்படித்தான் எழுதினார்கள், டிகாப்ரியோதான் டாம் ஒயிட். அப்புறம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓசேஜ் பெண்ணான மோலியைக் கல்யாணம் செய்துகொண்டே அவள் குடும்பத்தைக் கொல்லத் துணைபோகும் எர்னெஸ்ட் பக்கம் கதையைத் திருப்பினார்கள். யார் செய்தார்கள் என்ற கேள்வியே போய்விட்டது. இவனால் எப்படி இவள் பக்கத்தில் படுத்துத் தூங்க முடிகிறது என்ற கேள்விதான் மூன்றரை மணி நேரமும். புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கிரான் தானே உள்ளே வருவார். படத்தின் கடைசியில் இயக்குநர் ஸ்கோர்செஸி வருகிறார். இது தற்செயல் என்கிறான் முதலாமவன். நான் நம்பவில்லை.

'டியூன்' பற்றி நாங்கள் மூவரும் ஒத்துப்போனது அபூர்வம். பாலைவனக் கிரகம் ஒன்றில் நடக்கும் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 நாவலின் அத்தியாயங்கள் இளவரசி இருலன் எழுதியவற்றிலிருந்து எடுத்த மேற்கோள்களோடு தொடங்கும், அதாவது அரண்மனைக் குரல். இயக்குநர் வில்நவ் 2021 படத்தை சானியின் குரலில் ஆரம்பித்தார், அந்த மண்ணின் பெண். இரண்டாம் பாகத்தின் கடைசியில் இரட்சகனாகக் கொண்டாடப்படும் நாயகன் பால் என்பவனை விட்டு அவள் போவது நாவலில் கிடையாது. ஆனால் இரட்சகனை நம்பாதே என்று ஹெர்பர்ட் சொல்ல வந்ததை அவள் முகம் பளிச்சென்று சொல்லிவிடுகிறது.

நம் ஆட்களிடம் வருகிறேன். பூமணியின் 'வெக்கை' ஒரு சிறுவனின் நாவல். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் ஓடுகிறான். ஒளிகிறார்கள், சமைக்கிறார்கள், பேசுகிறார்கள், பயப்படுகிறார்கள். சண்டையைவிடக் காத்திருப்புதான் அதிகம். 'அசுரன்' (2019) அந்த அப்பாவை நடுவில் நிறுத்தி, நாவலில் அவ்வளவு இடமே பெறாத ஒரு நீண்ட முன்கதையைக் கொடுத்தது. தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது, நியாயம்தான். படம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் பையனின் கையில் இருந்த கதையை அப்பா வாங்கிக்கொண்டார் என்ற குறை எனக்குள் அப்படியே இருக்கிறது. வெட்டியது அவன். அந்தக் கையோடு அவன் எப்படிச் சோறு உருட்டினான் என்பதுதான் நாவல்.

'ஆடுஜீவிதம்' (2024) இன்னொரு மாதிரி. அரபுப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கச் சிக்கிக்கொண்ட நஜீப் மாறவில்லை, அவன் பேச்சுத்தான் போய்விட்டது. பென்யாமினின் நாவலில் அவன் ஆடுகளுக்கு ஊர்க்காரர்கள் பெயரை வைப்பான், தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்வான். பிருத்விராஜ் உடம்பை உருக்கி நடித்திருக்கிறார், பாலைவனம் மிரட்டுகிறது, ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அன்று ராத்திரி விளக்கோ விளக்கென்று விளக்கியதில் ஒரு பலன். புத்தகமே தொடாத இரண்டாமவன் கிளம்பும்போது என் அலமாரியிலிருந்து 'வெக்கை'யை எடுத்துக்கொண்டு போனான். நேற்று போன் செய்தான்.

"டேய், நாற்பது பக்கம் ஆச்சு. அப்பா இன்னும் யாரையும் அடிக்கலையே?"

"படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.