அந்தத் தோட்டா யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டதில் என்ன தப்பு?

ஒரு தம்பி முகநூலில் போட்ட, ஜெலட்டின் கட்டிக்குள் தோட்டா பாய்ந்து விரிகிற அந்த வீடியோ விவகாரத்தைப் பற்றி இனி பேசவே கூடாது என்றுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் என் பெயரைப் போட்டு, நான் கேட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதற்குக் கீழே ஒரு சிரிப்புக் கூட்டத்தையே கூட்டிவிட்டார். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்தத் தோட்டா யார் உடம்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது?" யாரையும் திட்டவில்லை. வீடியோ போட்ட தம்பியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கு வந்த பதில்கள்: "சமாதானப் புறா வந்துருச்சு", "இது டெக்னாலஜி பாஸ், அழறதுன்னா வேற பக்கம் போய் அழுங்க", "ஜெலட்டினுக்கு வலிக்குமா?"

ஜெலட்டினுக்கு வலிக்காது. அது எனக்கும் தெரியும். அந்தக் கட்டி எதற்காக இருக்கிறது என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினை பத்து சதவீதக் கரைசலாக்கி, 4 டிகிரி செல்சியஸில் குளிரவைத்து, ஒரு சின்ன எஃகு உருண்டையைச் சுட்டு அது எவ்வளவு ஆழம் போகிறது என்று சரிபார்த்த பிறகுதான் தோட்டாவைச் சோதிப்பார்கள். ஏன் இவ்வளவு மெனக்கெடல்? மனிதத் தசைக்கு அது கிட்டத்தட்ட சமம் என்பதால். அந்த வீடியோவில் செம்பு முனை விரிந்து இதழ் இதழாக நிற்பதைப் பார்த்து "என்ன அழகு" என்று எழுதினீர்களே, அது ஒரு மனிதத் தொடைக்குள் நடப்பதன் ஒத்திகை. இதைச் சொன்னால் நான் உணர்ச்சிவசப்படுகிறேனாம்.

சரி, வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். விரியும் தோட்டாவுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் டம்டம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த டம்டம் ஆயுதசாலையின் பெயர் அது. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கிற பகுதி. 1895-ல், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியில் நடந்த சித்ரால் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஒரு குறை. புதிய .303 ரைஃபிளின் குண்டு முழுக்க உலோக உறை போட்டது. உடம்பில் நுழைந்து சுத்தமாக மறுபக்கம் போய்விடுகிறது, அடிபட்டவர் விழாமல் வந்துகொண்டே இருக்கிறார் என்று புகார். உடனே டம்டம்மில் பொறுப்பில் இருந்த கேப்டன் பெர்ட்டி-கிளே, குண்டின் மூக்கில் மட்டும் உறையில்லாமல் ஈயம் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்தார். ஈயம் மெத்தென்ற உலோகம். பட்டதும் நசுங்கி அகலும். 1897-98-ல் அதே மலைப்பக்கம் நடந்த திரா படையெடுப்பில் எல்லைப்புறப் பழங்குடியினர் மீது அது பாய்ந்தது. அதன் பிறகு அதே ரைஃபிளுக்கு, முனையில் குழி வைத்த மார்க் 4 என்கிற குண்டு வந்தது. 1898-ல் சூடானில், ஓம்துர்மானில் அதைச் சுட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், இதில் "டெக்னாலஜி" எங்கே தானாக வந்தது? ஒருவர் புகார் எழுதினார். இன்ன மலையில் இருக்கிற இன்ன ஆட்கள் விழவில்லை என்று எழுதினார். அந்த ஆட்களை விழவைப்பதற்காக ஒரு மூக்கு மாற்றப்பட்டது. யாருக்காகச் செய்யப்பட்டது என்று நான் கேட்ட கேள்விக்கு அங்கே பெயர், ஊர், வருஷம் எல்லாம் இருக்கிறது.

1899-ல் ஹேக் மாநாட்டில் இதைத் தடை செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, பிரிட்டனின் சர் ஜான் ஆர்டா எழுந்து என்ன வாதம் வைத்தார் தெரியுமா? நாகரிக நாட்டுச் சிப்பாய் காயம் பட்டால் சண்டையை நிறுத்திக்கொண்டு சிகிச்சைக்குப் போவான், "காட்டுமிராண்டி"க்கு அது புரியாது, அவன் ஈட்டியோடு வந்துகொண்டே இருப்பான் என்கிற தொனியில் பேசினார். ஒளிவுமறைவு இல்லை. இந்தக் குண்டு இவர்களுக்கு, அந்தக் குண்டு அவர்களுக்கு. 22 நாடுகள் தடைக்கு ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். 1907-ல்தான் பிரிட்டன் இறங்கி வந்தது. அந்த "காட்டுமிராண்டி" பட்டியலில் நம் பாட்டன் பூட்டன்களும் இருந்தார்கள் என்பதை, எனக்குக் கீழே சிரித்த ஒருவர்கூட யோசிக்கவில்லை. அது வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

தடை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. 1910-ல் வந்த பிரிட்டனின் மார்க் 7 குண்டைப் பாருங்கள். முழு உறை, கூர்முனை, சட்டப்படி எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் மூக்குக்குள் அலுமினியம் போன்ற லேசான பொருள், பின்பக்கம் கனமான ஈயம். காற்றில் நேராகப் போகும். சதைக்குள் நுழைந்ததும் நிலைகுலைந்து புரளும். புரளும்போது காயம் பெரிதாகும். அதுதான் நோக்கமா, தற்செயலா என்று வாதாட ஆட்கள் இருக்கிறார்கள். வாதாடட்டும். காயம் ஒன்றுதான்.

"அண்ணே, நீங்க சொல்றது ஒருபக்கம்தான், விரியும் தோட்டா அப்பாவிகளைக் காப்பாற்றுது" என்று ஒருவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் மரியாதையாகப் பதில். ஆமாம், அதில் உண்மை இருக்கிறது. உறை போட்ட குண்டு குறிவைத்தவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவரையும் தாக்கும். விரிகிற குண்டு பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் போரில் தடை செய்யப்பட்டது பல நாட்டு போலீஸ் கையில் இருக்கிறது. 1986-ல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில், எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒருவர் சுட்ட குண்டு எதிராளியின் இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் குண்டு ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குல ஆழம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும் என்கிற அளவுகோல் வந்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கேயும் யாருடைய உயிருக்காக எந்தக் குண்டு என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார், இல்லையா? என் கேள்வியும் அதேதான்.

"அப்போ போலீஸ் என்ன பூவா எறியணும்?" என்று கேட்டவருக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இதை எங்கும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நான் பல வருஷம் ஸ்கேன் பிரிவில் வேலை பார்த்தவன். எம்.ஆர்.ஐ. அறைக்குள் யாரையும் சும்மா அனுப்ப முடியாது. ஒரு படிவம் இருக்கும். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் உலோகத் துண்டு ஏதாவது உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடிக்க வேண்டும். முதுகுவலி என்று ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கண்ணைப் பற்றிய கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டார். "தம்பி, போலீஸ் சுட்டது கணக்குல வருமா?" என்றார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கூட்டத்தின் ஓரத்தில் மாட்டியவர். இடது கண்ணில் பார்வை பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. உள்ளே இருப்பது ஈயமா, எஃகா, ரப்பர் பூசியதா என்று கேட்டோம். "என்ன சுட்டாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையே தம்பி" என்றார். சி.டி. எடுத்துப் பார்த்தோம். கண்குழிக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீற்றுக் கீற்றாக வெளிச்சம். உலோகம் இருந்தால் படம் அப்படித்தான் சிதறும். கன்னத்தெலும்புப் பக்கம் இன்னொன்று. ஈயமாக இருந்தால் காந்தத்துக்கு அசையாது. எஃகாக இருந்தால் அந்த அறைக்குள் நுழைந்ததும் நகரும். எது என்று தெரியாமல் எந்த ரேடியாலஜிஸ்ட்டும் கையெழுத்துப் போட மாட்டார். போடவில்லை. முதுகு நரம்பைச் சரியாகப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும், அது அவருக்குக் கிடைக்கவில்லை. கண்ணைப் பறித்த குண்டு, பல வருஷம் கழித்து முதுகு வைத்தியத்தையும் தடுத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு வேலை வெச்சுட்டேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இவரை மனதில் வைத்து நான் கேட்ட கேள்வியைத்தான் "கல்லெறிகிறவனுக்கு வக்காலத்து" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இப்போது பூவுக்கு வருவோம். கூட்டத்தைக் கலைக்க வேண்டிய நேரம் எந்த நாட்டு போலீஸுக்கும் வரும். கொல்லாத ஆயுதம் தேடுவது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணம் என்ன ஆனது என்று பாருங்கள். 1970-ல் வட அயர்லாந்தில் ரப்பர் குண்டு வந்தது. 37 மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம். தரையில் சுட வேண்டும், எகிறிப் போய் காலில் பட வேண்டும் என்பது விதி. தரையில் எகிறுவது எந்தப் பக்கம் போகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது, நேராகச் சுட்டவர்களும் உண்டு. 1973-லிருந்து பிளாஸ்டிக் குண்டு. இரண்டும் சேர்ந்து 17 பேரைக் கொன்றன. அதில் எட்டுப் பேர் பிள்ளைகள். ஜெலட்டின் கட்டிக்கு வயசு கிடையாது. பத்து வயதுப் பிள்ளையின் மண்டையோடு எவ்வளவு மெல்லியது என்று அது சொல்லாது.

2019-ல் சிலியில் இதைவிட மோசம். போராட்டக் கூட்டத்தின் மீது சுட்டதில் 400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் காயம். ரப்பர்தான், ரப்பர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலி பல்கலைக்கழகத்தில் அந்தக் குண்டுகளைப் பகுத்துப் பார்த்தபோது ரப்பர் 20 சதவீதம். மீதி 80 சதவீதம் சிலிக்கா, பேரியம் சல்பேட், ஈயம். ஒருவர் எடுத்துச் சோதித்ததால் தெரிந்தது. சோதிக்காத இடங்களில்? காஷ்மீரில் 2010-லிருந்து பெல்லட் துப்பாக்கி. ஒரே வெடிப்பில் நூற்றுக்கணக்கான உலோகக் குண்டுமணிகள், எது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2016-ல் அங்கே கண் ஆஸ்பத்திரி வார்டுகள் எப்படி இருந்தன என்று செய்தி படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலோகப் பெல்லட்டுகளைப் பயன்படுத்தவே கூடாது என்று 2020-ல் ஐ.நா. வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எண் வேண்டும் என்பவர்களுக்கு: 2017-ல் பி.எம்.ஜே. ஓப்பன் என்கிற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பல நாட்டு மருத்துவக் கட்டுரைகளைத் தொகுத்தது. கூட்டத்தைக் கலைக்கச் சுடும் ரப்பர், பிளாஸ்டிக் போன்ற குண்டுகளால் காயம்பட்ட 1,984 பேரில் 53 பேர் இறந்தார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம். ஆஸ்பத்திரி வரை வந்து கட்டுரையில் ஏறியவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில். என்னிடம் படிவம் நிரப்பியவர் இதில் இருக்க வழியில்லை.

"நீங்க என்ன ஆயுத நிபுணரா?" இல்லை. குண்டு போய்ச் சேர்ந்த பிறகு படம் எடுத்தவன். செய்கிறவர் சொல்வதை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால், அதிலும் ஒன்று சொல்கிறேன். 1863-ல் ரஷ்யா, வெடிமருந்து வண்டிகளைத் தகர்க்க கடினமான பொருளில் பட்டால் வெடிக்கிற ஒரு தோட்டா செய்தது. 1867-ல் அதை மாற்றியமைத்தபோது, மெத்தென்ற பொருளில் பட்டாலும், அதாவது மனித உடம்பில் பட்டாலும் வெடிக்கும் என்றானது. ரஷ்யா என்ன செய்தது? தன் கையிலிருந்ததைத் தானே வேண்டாம் என்று மற்ற நாடுகளைக் கூப்பிட்டது. 1868-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் வந்தது. 400 கிராமுக்குக் குறைவான எடையுள்ள வெடிக்கும் குண்டு போரில் கூடாது. ஜார் ஆட்சியின் படைத்தலைமைக்கே யார் உடம்பில் படும் என்று யோசிக்க முடிந்திருக்கிறது. முகநூலில் கேட்டால் மட்டும் "அழாதே"யா?

அந்த வீடியோ போட்ட தம்பி நல்லவராகத்தான் இருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீழே சிரித்தவர்கள் மேல் இருக்கிறது, அது போகிற மாதிரியும் இல்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டத்தின் மீது சுடுவதற்கென்று ஒரு குண்டு வாங்கப்பட்டால், அது எதனால் ஆனது, எதன் மீது சோதித்தார்கள், எத்தனை மீட்டரிலிருந்து சுட்டால் என்ன ஆகும் என்கிற சோதனை அறிக்கையை வெளியே வையுங்கள். எந்த அரசாக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, உள்ளே இருப்பது இன்ன உலோகம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். இதைக் கேட்பதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

பின்னூட்டம் திறந்தே இருக்கிறது. நான் எழுதிய தேதியோ கணக்கோ தவறென்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம். அந்தப் பெரியவரைப் பற்றி யாராவது சிரிப்பு எமோஜி போட்டால் மட்டும் உடனே பிளாக் செய்வேன். சொந்தக்காரராக இருந்தாலும் சரி.