ஏன் இன்னும் அதையே கதைக்கினம்?

கனடாவில் செப்டம்பர் 30, வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாள். போன செப்டம்பர் 30 அன்று அதற்காக ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் நம்மவர் ஒருவர், வயதில் மூத்தவர், கேட்டார்: "எந்தக் காலத்துக் கதை அது தம்பி? ஏன் இன்னும் அதையே கதைக்கினம்?" அந்த நேரம் சரியான பதில் வரவில்லை. ஆறப்போட மனமில்லை, இங்கே எழுதுகிறேன்.

1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டி புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பளிச்சென்ற ஆரஞ்சு. உறைவிடப் பள்ளிக்குப் போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. 1973 அண்ணா! என் அக்கா பிறந்த வருஷம்.

இந்தப் பள்ளிகளுக்கு அரசு பணம் கொடுத்தது, தேவாலயங்கள் நடத்தின. 1920இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள். தாய்மொழியில் பேசினால் அடி. வீடு திரும்பாதவர்களில் இதுவரை பதிவானவர்களே 4,000க்கு மேல். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான்.

சரி, மூடியாயிற்று. அதோடு முடிந்ததா? ஐந்து வயதில் அம்மாவின் மடியிலிருந்து பிடுங்கப்பட்டு, மணிச் சத்தத்துக்கும் பிரம்புக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை, நாளை தனக்கொரு பிள்ளை பிறந்தால் எப்படிக் கொஞ்சும்? கொஞ்சுவதும் பார்த்துப் பழகி வருவதுதானே. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வந்தவர்களில் எத்தனையோ பேர், பெற்ற பிள்ளையிடம் அன்பைக் காட்டத் தெரியாமல் போனதைச் சொல்லித்தான் உடைந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என் வயது.

ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்டில், அப்படியொரு உறைவிடப் பள்ளியான மோஹாக் பள்ளியின் கட்டடம் இன்றும் நிற்கிறது. தினமும் ஊற்றிய கஞ்சியை வைத்துப் பிள்ளைகள் அதற்கு 'மஷ் ஹோல்' (கஞ்சிப் பொந்து) என்று பெயர் வைத்தார்கள். பின்பக்கச் செங்கற்களில் அவர்கள் கீறிய பெயர்களும் எண்களும் இருக்கின்றன, கோணல்மாணலாக. ஒன்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கூரை ஒழுகிக் கட்டடம் பாழானபோது, இடித்துவிடுவோமா என்று அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான சிக்ஸ் நேஷன்ஸ் மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம், சாட்சியாக நிற்கட்டும் என்றார்கள். அங்கே அடிவாங்கியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம் ஊர்கூடிப் பணம் திரட்டினார்கள்.

2008இல் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2022இல் பாப்பரசர் வந்து கேட்டார். நல்லது, தேவைதான். ஆனால் மன்னிப்புக் கேட்ட கையோடு "ஆறிவிட்டதா?" என்று கேட்கிற அவசரம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எப்போது ஆறும் என்று அந்தக் குடும்பங்கள்தான் சொல்ல வேண்டும். நாம் செய்ய வேண்டியது ஆணைக்குழு 2015இலேயே எழுதிவைத்த 94 கோரிக்கைகளில் இருக்கிறது. அதில் 94ஆவது நம்மைப் போல் வந்து குடியேறியவர்களுக்கு. அதன்படி 2021இல் குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் உரிமைகளும் சேர்க்கப்பட்டன. அடுத்த வருஷம் வலது கையை உயர்த்தி நான் சொன்ன வரி அது. வாயால் சொன்னதற்குக் கொஞ்சமாவது நடக்க வேண்டாமா?

வருகிற சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பிரான்ட்ஃபோர்டுக்குப் போகிறேன். அண்ணா, காரில் இடம் இருக்கிறது. நீங்களும் வாருங்கள்.