கணினி இல்லாத குறை இல்லை, கணக்கு வெளியே வந்துவிடும் என்ற பயம்

சோவியத் நாட்டில் கணினி வளராததற்குக் காரணம் கட்சிக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லாததுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பாதிதான் சரி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சைபர்னெடிக்ஸ் (இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடும் தகவல் பரிமாற்றமும் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் துறை) என்றாலே போலி அறிவியல் என்று திட்டினார்கள், ஆனால் 1951-லேயே விஞ்ஞானி செர்கெய் லெபெதேவ் கீவ் நகருக்குப் பக்கத்தில் எம்இஎஸ்எம் என்ற கணினியை ஓடவிட்டிருந்தார்.

எனக்குப் பாவமாகத் தெரிகிற ஆள் அனடோலி கிடோவ். ராணுவ அதிகாரி. ராணுவக் கணினி மையங்களைப் பொருளாதாரத் திட்டமிடலுக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாமே என்று 1959-ல் மேலிடத்துக்கு எழுதினார், பதிலுக்குக் கட்சியிலிருந்தும் பதவியிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். நல்ல பரிசு! அப்புறம் கணினி விஞ்ஞானி விக்டர் குளுஷ்கோவ் வந்து, ஆலைகளின் கணக்கை உடனுக்குடன் திரட்டித் திட்டமிட, மாஸ்கோவில் ஒரு தலைமை மையம், பெரிய நகரங்களில் சுமார் 200, அதற்குக் கீழே 20,000 என்று நாடு முழுக்க ஒரு வலைப்பின்னல் போடலாம் என்றார். பெயர் ஓகாஸ். 1970 அக்டோபரில் அது கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவுக்குப் போனபோது நிதியமைச்சர் கார்புசோவ் எதிர்த்தார், கடைசியில் ஒவ்வொரு அமைச்சகமும் ஒன்றோடொன்று பேசாத தனித்தனிக் கணினி அமைப்பை வைத்துக்கொண்டது.

எதிர்ப்பு மேலே மட்டும் இல்லை, மாஸ்கோ போடும் உற்பத்தி இலக்கை எட்ட வேண்டிய ஆலை மேலாளர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கிடங்கில் பதுக்கி வைத்த இரும்பு எவ்வளவு என்று மாஸ்கோவுக்கு அன்றன்றே தெரிந்துவிட்டால், அடுத்த வருட இலக்கைக் குறைக்கச் சொல்லி அவர் எப்படிப் பேரம் பேசுவார்? சொந்த வடிவமைப்புகளை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்காவின் ஐபிஎம் 360 கணினியை நகலெடுக்கப் போனார்களே, அதையாவது கட்டுரை தொட்டிருக்கலாம்.