நாலு வரியில் முடிந்துபோகும் விபத்துகள்

ஈசிஆரில் ஒரு கார் புரண்டு கிடக்கும் வீடியோ வந்துவிட்டால், எங்கள் கார் ஆர்வலர் வாட்ஸ்அப் குழு அன்று இரவு தூங்காது. என்ன மாடல், பாதுகாப்புச் சோதனையில் எத்தனை ஸ்டார், ஏர்பேக் விரிந்ததா, கூரை நசுங்கியிருக்கிறதா என்று விடிய விடிய ஓடும். அதே குழுவில் யாராவது, "ஜிஎஸ்டி சாலையைக் கடக்க முயன்ற சுமார் 55 வயது மதிக்கத்தக்க ஆண், அடையாளம் தெரியாத வாகனம் மோதி பலி" என்று செய்தித்தாள் துணுக்கைப் போட்டால் இரண்டு பேர் கைகூப்புவார்கள். அடுத்த பதிவு டயர் விலை பற்றி இருக்கும்.

எது பேசத் தகுந்த விபத்து என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. வீடியோ இருக்கிறதா, வண்டி விலை என்ன, ஓட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்பவையே தீர்மானித்துவிடுகின்றன. 2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இருவர் இறந்ததை நாடே பேசியது. பேசியது சரிதான். ஓட்டிய சிறுவனை 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டதைக் கேட்டு யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். கார், வேன் போன்றவற்றில் இருந்தவர்கள் எட்டில் ஒருவர்தான். நம் பேச்செல்லாம் அந்த எட்டில் ஒருவரைச் சுற்றியே நடக்கிறது.

பேசினால் பலன் உண்டு என்பதால்தான் எனக்கு இந்த ஆதங்கம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே, காரின் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் போன தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்த பிறகுதான் பின் இருக்கைக்கும் பெல்ட் உண்டு என்பது பலருக்கு உறைத்தது. விதி அதற்கு முன்பே இருந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் மீது பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. "லாரி மோதி இளம்பெண் பலி" என்று அதுவும் நாலு வரியில் முடிந்திருக்கும். அந்த பேனர் ஏன் அங்கே இருந்தது என்று சென்னை விடாமல் கேட்டது. உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி எழுப்பியது, கட்சிகள் பேனர் வேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொன்னார்கள். (இப்போது மெல்லத் திரும்பி வருகின்றன, அது தனிக் கோபம்.)

ஜிஎஸ்டி சாலையில் அடிபட்டவர் விஷயத்திலும் கேட்க வேண்டியது நிறைய. அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா? பஸ் ஸ்டாப்பிலிருந்து எதிர்ப்பக்கம் போக வழி எங்கே? சென்டர் மீடியனில் இடைவெளி விட்டது யார்? கார் மாடலைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் நம் ஆட்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை.

இன்னொன்று. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் என்றால் 50,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். கைகூப்பும் எமோஜிக்குப் பக்கத்தில் இந்த இரண்டு வரியைச் சேர்த்துப் போடுங்கள். அந்தக் குடும்பத்தைத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டால்கூடப் போதும்.