டீனாவுக்கு யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம்

'ஐ ஆம் டீனா' படம் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால் மூன்று கட்சி தேறும். ஒரு கட்சிக்கு அவள் பைத்தியம். இன்னொரு கட்சி அவளைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறது. மூன்றாவது கட்சி இப்போது வேகமாக வளர்ந்துவருகிறது, "பாவம், சின்ன வயசில் பட்ட அதிர்ச்சி, அப்பவே யாராவது கவுன்சிலிங் கொடுத்திருந்தால்..." என்று உச்சுக் கொட்டுகிற கட்சி. என் சண்டை இந்த மூன்றாவது கட்சியோடுதான்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் வந்த படம், டென்மார்க்காரர் ஓலே போர்னெடல் இயக்கியது. 1860-களில் நார்வேயின் வடகோடிக் கடற்கரையில் நடக்கிறது. துணி வெளுக்கிற கொட்டிலில் பெரிய அண்டாவில் காரநீர் கொதிக்கிறது, சிறுமி டீனா விளையாட்டாக எதையோ தட்டிவிட, அத்தனையும் அம்மாவின் மேல் கொட்டுகிறது. அம்மா உடனே செத்தால் அந்தப் பிள்ளை ஒருவேளை தப்பியிருக்கும். சாகும்வரை அலறுகிறாள், அந்த அலறல் டீனாவின் காதைவிட்டுக் கடைசிவரை போவதில்லை. ஊருக்குச் சட்டம் பேசுகிற அதிகாரி அப்பா, மகளின் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிடுகிறார். வேலையாட்களோடும் குதிரைலாயப் பையனோடும் காட்டுச்செடி மாதிரி வளர்கிறாள். பிறகு லோர்க் என்கிற வாத்தியார் செல்லோ வாசிக்கக் கற்றுக்கொடுக்க, அவளுக்குள் இருந்து முதல்முறையாக ஏதோ ஒன்று வெளியே வருகிறது. செத்துப்போன அம்மா அவ்வப்போது வந்து நின்றுவிட்டுப் போகிறாள், அதையும் படம் பேய்ப்பட அலப்பறை இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி வந்துபோவது போலக் காட்டுகிறது.

சரி, இதுவரைக்கும் பரிதாபக் கட்சி ஜெயிக்கிறது. அப்புறம்தான் சிக்கல். அப்பாவின் வயதொத்த பணக்கார நண்பர் யாக்கோப்புக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவருக்குக் கால் அழுகத் தொடங்குகிறது. அந்த மனுஷனைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் போவதாகக் கிளம்பியவள், மலைச்சரிவில் வண்டியோடு அவரை விட்டுவிடுகிறாள். கருணையா, பழியா, இல்லை செத்தவர்களோடு பழகிப் பழகி இவரையும் அந்தப் பக்கம் அனுப்பிவைக்கலாம் என்ற நினைப்பா? எதுவாக இருந்தாலும் இது கொலை. இதை "அம்மா இறந்த அதிர்ச்சி" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் அதற்குப் பின் நடப்பதைச் சரியாகக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

பின்னால் என்ன நடக்கிறது? பண்ணையும் வியாபாரமும் அவள் கைக்கு வருகின்றன. நார்வேயில் கல்யாணமான பெண் சட்டத்தின் முன் முழு மனுஷியாக ஆனது 1888-இல்தான். அதுவரை அவள் சார்பில் கணவன்தான் பேச வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் விதவைக்கு அந்தத் தடை கிடையாது. அதாவது அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு பணக்காரப் பெண் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதற்கு மிகச் சுலபமான வழி புருஷன் சாவதுதான். சட்டம் படித்துத் திட்டம் போட்டுத்தான் டீனா அந்த வண்டியை விட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிடைத்த அதிகாரத்தை அவள் எவ்வளவு ருசித்துப் பிடித்துக்கொள்கிறாள் என்று பாருங்கள். குதிரைமேல் கால் இருபுறமும் போட்டு உட்காருகிறாள், சுருட்டுப் பிடிக்கிறாள், சொத்தின்மேல் கண் வைத்திருக்கும் யாக்கோப்பின் வளர்ப்பு மகன் நீல்ஸை ஒரு வழி பண்ணுகிறாள். பிடித்த ஆண்களைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். இதையெல்லாம் நோய் என்று சொல்லிவிட்டால் அவளுடைய ஆசை, பேராசை, புத்தி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கையில் மருந்துச் சீட்டைத் திணித்த மாதிரிதான். இதே வேலையை ஒரு ஆண் செய்திருந்தால் "என்ன கெத்து" என்று விசில் அடித்துவிட்டுப் போயிருப்போம், அவனுடைய பால்ய காலத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

மூல நாவலை எழுதிய ஹெர்பியோர்க் வாஸ்மோ அதே வடக்குப் பகுதிக்காரர். டீனாவின் கதை 1989-இல் வந்தது. அதற்கு முன்பே தோரா என்ற சிறுமியைப் பற்றி மூன்று நாவல் எழுதி, 1987-இல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசும் வாங்கியிருந்தார். தோரா அடி வாங்குகிற பிள்ளை, போர்க்காலத்தில் ஜெர்மன் சிப்பாய்க்குப் பிறந்தவள் என்பதற்காகவே ஊர் ஒதுக்கிய பிள்ளை. அதை எழுதி முடித்த கை, அடுத்துத் திருப்பி அடிக்கிற ஒருத்தியை எழுதியது. அவளையும் கொண்டுபோய்ப் பரிதாப வரிசையில் உட்காரவைக்கிறோம், நல்லா இருக்கு!

படத்தில் குறை இல்லாமல் இல்லை. எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், அதுதான் பெரிய தலைவலி. யாக்கோப்பாக வரும் ஜெரார் டெபார்டியூ பிரெஞ்சு வாசனையோடு, டீனாவின் ரஷ்யக் காதலன் லியோவாக வரும் கிறிஸ்டோபர் எக்லஸ்டன் இங்கிலாந்துக்காரர், நீல்ஸாக மேட்ஸ் மிக்கல்சன் டேனிஷ்காரர். ஆளாளுக்கு ஒரு உச்சரிப்பு, துறைமுகச் சந்தையில் நிற்பது போல இருக்கும். இதைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நார்வேஜியத்தில் எடுத்திருந்தால் பாதி வசனம் தேவையே பட்டிருக்காது. தடிமனான நாவலை இரண்டு மணி நேரத்தில் அடைத்ததால் பின்பாதி மூச்சிரைக்க ஓடுகிறது, லியோ எதற்கு வருகிறார் எதற்குப் போகிறார் என்று நிதானிப்பதற்குள் அடுத்த கலாட்டா.

ஆனால் டீனாவாக வரும் மரியா பொன்னெவி! அந்த ஓட்டத்திலும் படத்தைத் தூக்கி நிறுத்துவது அவர் ஒருத்தர்தான். கத்துகிற காட்சிகளைவிட, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது இமைக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பாரே, எதிரில் இருப்பவர் பேச்சை மறந்துவிடுவார். 2002 மொன்ட்ரியல் திரைப்பட விழாவில் ஈரானின் லைலா ஹதாமியோடு சேர்ந்து சிறந்த நடிகைப் பரிசு வாங்கினார். "ஓவர் ஆக்டிங்" என்கிறவர்கள், அவள் கையில் செல்லோ இருக்கிற காட்சிகளை மட்டுமாவது இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

மிக்கல்சனுக்காக மட்டும் உட்காருபவர்கள் ஏமாறுவீர்கள், கதை அவரைச் சுற்றி இல்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயவுசெய்து பார்க்காதீர்கள், ஆரம்பக் காட்சியே போதும் அவர்கள் தூக்கம் கெட. நாவலை ஆங்கிலத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டுக்கு வாங்க, லியோ விஷயத்தில் உங்களோடு ஒரு பஞ்சாயத்து பாக்கி இருக்கிறது.