‘கீமோ புற்றை முரடாக்கும், பாதியில் நிறுத்துங்கள்’: இது தவறு

வேலூர், குடியாத்தம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “கீமோ ஊசியே டி.என்.ஏ.வைக் கெடுத்துப் புற்றை முரடாக்குகிறது. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுங்கள்.” முன்பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. யோசனைதான் ஆபத்து.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களை (டி.என்.ஏ.வின் நான்கு ‘எழுத்து’களில் ஒன்று) சேர்த்து முடிச்சுப் போடுகிறது. வழக்கமாக நகலெடுக்கும் நொதி மிகக் கறார். முடிச்சைக் கண்டதும் நின்றுவிடும். நகல் முடியாத செல் சாகும். சிகிச்சை என்பதே இதுதான். ஆனால் சில செல்களில் ரெவ்1, பாலிமரேஸ் ஸீட்டா போன்ற நொதிகள் வந்து முடிச்சைத் தாண்டி எழுதிவிடும். பிழைதிருத்தும் வசதி இவற்றுக்குக் கிடையாது. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்தை மீறும் குணத்தைத் தரலாம். (மருந்தை வெளியே தள்ளும் செல்களும் உண்டு, எல்லாப் பழியும் இந்த நொதிகளின் மேல் இல்லை.)

பாதியில் நிறுத்தினால், தப்பிய செல்கள் தடையின்றிப் பெருகும்.

ரெவ்1-ஐத் தடுக்கும் ஜே.எச்.-ஆர்.இ.-06 என்ற சேர்மம் 2019-இல் எலிகளில் பலன் காட்டியது. அது கடையில் வாங்கும் மருந்தல்ல.

ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்த அணு எண்ணிக்கையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் பார்ப்பார்கள். தள்ளிப்போடுவதும் அளவைக் குறைப்பதும் மருத்துவர் முடிவு. காது இரைச்சல், விரல் மரத்துப்போதல் வந்தால் அடுத்த ஊசிவரை காத்திராமல் சொல்லுங்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.